மிச்சமிருந்த ஏழு படங்கள்

இயந்திரங்களோடு எனக்கு எப்போதும் ஒத்துப்போகும். மனிதர்களோடுதான் தகராறு. களுவாஞ்சிக்குடியில் ஓர் அரிசி ஆலையில் பல வருடங்கள் எஞ்சின் பார்த்தவன் நான். சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவேன். அதனால்தான் கட்டாரிலிருந்து வந்த அந்தச் சின்ன டிஜிட்டல் கமராவைக் கையில் எடுத்த அன்று, அதோடு வந்த விளக்கப் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் அலுமாரிக்கு மேலே எறிந்தேன். உள்ளங்கையளவு பெட்டி, இது எனக்குப் பாடம் சொல்வதா என்ற எண்ணம். அப்படி எறிந்ததற்காக இன்றைக்கும் என்னை நான் மன்னிக்கவில்லை.

கமராவை அனுப்பியவன் என் மனைவியின் அக்கா மகன், எனக்குப் பெறாமகன். தாய் இறந்த பிறகு எங்கள் வீட்டில் வளர்ந்து கட்டாருக்கு வேலைக்குப் போனவன். அவனுக்கு என் அக்காவின் மகளைப் பேசியிருந்தோம். முறைக்கு மச்சாள், தாய்வழியில் வரும் குடியும் வேறு, ஒரு தடையும் இல்லை. அவளைச் சின்னப்பிள்ளையில் கண்டதுதான், ஒருதரம் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றான் அவன். லீவில் வந்த கூட்டாளி ஒருவன் கையில் கமராவைக் கொடுத்தனுப்பினான். படத்தை எடுத்து இன்ரநெற் கடையில் கொடுத்தால் அன்றைக்கே தனக்கு வந்துவிடும் என்றும் சொல்லியனுப்பியிருந்தான்.

சொல்வது சுகம். அக்கா இருந்தது வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில். மண்டூருக்கும் உள்ளே, இரண்டு வயல் வட்டைகளைத் தாண்டிப் போகவேண்டும். நாங்கள் எழுவான்கரை. எங்கள் கரையில் இராணுவம், அவர்கள் கரையில் இயக்கம், நடுவில் வாவி. அது சமாதான காலம் என்றுதான் பெயர். ஆனால் காலையில் கடைக்குப் போனவன் பத்து மணிக்கு மதகடியில் கிடப்பான். யார் சுட்டது என்று ஒருவரும் கேட்பதில்லை.

அக்காவின் மகளுக்கு, என் மருமகளுக்கு, அப்போது இருபத்திரண்டு வயது. வீட்டுக்கு ஒருவர் வரவேண்டும் என்று இயக்கத்தார் அவளைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு வருடமும் சொச்சமும் வைத்திருந்தார்கள். இயக்கம் இரண்டாகப் பிளந்து அங்கே எல்லாம் குழம்பிப்போன ஒரு சித்திரை மாதத்தில் பிள்ளைகள் பலர் வீடு திரும்பினார்கள், அவளும் நடந்தே வந்து சேர்ந்தாள். வரும்போது தலைமுடி ஆண்பிள்ளையின் முடிபோல ஒட்டக் கத்தரித்திருந்தது. எங்கள் பகுதியில் இளம்பெண்ணுக்கு முடி கட்டையாக இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இந்தக் கரையில் இராணுவம் கண்டால் பிடித்து வைத்து விசாரிக்கும். அந்தக் கரையிலோ திரும்பவும் ஆள் சேர்க்கத் தொடங்கியிருந்தார்கள், முன்பு இருந்துவிட்டு வந்தவர்களைத்தான் முதலில் தேடினார்கள்.

கலியாண எழுத்து, அதுதான் பதிவு, முடிந்த பெண்களை மட்டும் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். ஆகவே அக்கா கேட்டது வெறும் படம் இல்லை. படம் போனால் அவன் ஓம் சொல்வான், ஓம் சொன்னால் எழுத்துக்கு நாள் வைக்கலாம், நாள் வைத்தால் பிள்ளை வீட்டில் இருக்கும். ஆள் மூலம் அக்கா அனுப்பிய செய்தியில் இன்னொன்றும் இருந்தது. பிள்ளை அங்கே இருந்தது மாப்பிள்ளைக்குத் தெரியவே கூடாது. முடிக்கு ஏதாவது வழி பார்க்கிறேன், நீ கமராவோடு வா.

ஒரு கிழமை கமராவைப் பழகினேன். பழகினேன் என்பது பெரிய வார்த்தை. ஒரு படம்கூட எடுக்காமல் பழகினேன். திரையின் மூலையில் 22 என்று ஓர் எண் தெரிந்தது. அதைக் கண்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது. இருபத்திரண்டு படம் உள்ள பிலிம் றோல், அவ்வளவுதானே. என் பழைய கமராவில் முப்பத்தாறு, இதில் கொஞ்சம் குறைவு. றோலை வீணாக்கக் கூடாது என்று பொத்தானைத் தொடாமல் கண்ணுக்கு நேரே பிடிப்பதும், வாசலைப் பார்ப்பதும், மூடி வைப்பதுமாக இருந்தேன். மனைவி தலையை வாரிக்கொண்டு வந்து, தன்னை ஒன்று எடுத்துப் பார்க்கும்படி கேட்டாள். இது விளையாட்டுச் சாமான் இல்லை என்று எரிந்து விழுந்தேன். அவள் குசினிக்குள் போய்விட்டாள்.

அடுத்தது பை. கமராவுக்கென்றே ஒரு பை கூட வந்திருந்தது. கறுப்பு நிறம், தடித்த துணி, தோளில் போடும் பட்டி, எங்கு பார்த்தாலும் ஸிப். முன்பக்கத்தில் கொம்பனிப் பெயர் வெள்ளை எழுத்தில் முழங்கையளவுக்கு. அதைத் தோளில் போட்டுக்கொண்டு இராணுவம் சோதிக்கும் சென்றியைக் கடப்பது, கமரா வருகிறது, கமரா வருகிறது என்று பறை அடித்துக்கொண்டு போவதற்குச் சமம் என்று தோன்றியது. அதை ஆணியில் கொழுவிவிட்டு வீட்டில் இருந்த பைகளையெல்லாம் நிலத்தில் பரப்பினேன். எஞ்சின் திருத்தும் ஆயுதங்கள் போடும் பையில் வயரும் குறடும் கிடந்து கழிவெண்ணெய் நாற்றம், அதைக் கண்டால் சென்றியில் விடவே மாட்டார்கள். பொலித்தீன் பையில் உருவம் அப்படியே தெரியும். சோற்றுப் பார்சல் கொண்டுபோகும் பையை அவர்கள் கிளறிப் பார்க்காத நாளே இல்லை.

கடைசியில் பன்பையைத் தெரிவுசெய்தேன். கோயிலுக்கு வெற்றிலை பாக்குக் கொண்டுபோக மனைவி வைத்திருந்த, பன்புல்லில் இழைத்த பை. போவது வெள்ளிக்கிழமை. மண்டூர் முருகன் கோயிலுக்குப் போகிறேன் என்றால் ஒருவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். அடியில் துவாய்த் துண்டில் சுற்றிய கமரா, அதன் மேல் வெற்றிலை, அதன் மேல் தேங்காயும் கற்பூரமும். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மனைவி வாசல் நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்ச பாருங்க," என்றாள். "தெரியக் கொண்டுபோனா அது கமரா. ஒளிச்சுக் கொண்டுபோனா அது வேற சாமான்."

அவள் சொன்னது சரி என்று அந்த நொடியே எனக்குத் தெரியும். சரியாக இருந்ததால்தான் கோபம் வந்தது. உனக்கு இதெல்லாம் விளங்காது என்று சொல்லிவிட்டு வெற்றிலையை அடுக்கினேன்.

வாவியைக் கடக்க, வாகனமும் சனமும் ஏறும் ஒரு தட்டைப் படகு ஓடியது. எங்கள் ஊரில் அதைப் பாதை என்போம். பாதை கட்டும் துறையில் இராணுவச் சென்றி. வரிசையில் எனக்கு முன்னே பன்னிரண்டு பேர். சாமான்களை மேசையில் கொட்டவேண்டியதில்லை, பையை விரித்துப் பிடித்தால் போதும். என் முறை வந்தபோது பையை விரித்தேன். சிப்பாய் தேங்காயை எடுத்து வெளியே வைத்தான். கற்பூரத்தை முகர்ந்தான். பிறகு வெற்றிலைக்குள் கையை விட்டான். அந்தக் கை ஓரிடத்தில் நின்றது.

அவன் முகம் மாறியதை நான் கண்டேன். பின்னால் நின்ற இன்னொருவன் துவக்கைத் தோளிலிருந்து இறக்கினான். வரிசையில் நின்ற சனம் ஓரடி பின்னே போனது. முதலாமவன் மெல்ல, மிக மெல்ல, துவாய்ச் சுருளை வெளியே எடுத்து மேசையில் வைத்து, என்னைக் கொண்டே அவிழ்க்கச் செய்தான். கமராவைக் கண்டதும் அவனுக்கு மூச்சு வந்தது. எனக்கு வரவில்லை.

"ஏன் மறைச்சது?"

"மறைக்கல்ல ஐயா. வெயில் பட்டா பழுதாப்போகும்."

அவன் கமராவை இயக்கினான். என்னைவிட அவனுக்கு அது நன்றாகப் பழக்கம் போலிருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை என்று கண்டு திருப்பித் தந்தான். கையில் ஒரு வெற்றிலை ஒட்டியிருந்தது, அதை உதறிவிட்டுச் சொன்னான்.

"வரும்போது நான்தான் இங்க. எல்லாப் போட்டோவும் பார்க்கிறது."

அந்த ஒரு வசனத்தைச் சுமந்துகொண்டு வாவியைக் கடந்தேன். அக்கரையில் இயக்கத்துச் சென்றியில் பெயரை எழுதிக்கொண்டார்கள், கோயிலுக்கு என்றேன், விட்டுவிட்டார்கள். பையைப் பார்க்கவில்லை. ஆனால் முதல் சிப்பாயின் குரல் என் காதைவிட்டுப் போகவில்லை. பார்க்கட்டும், நீண்ட கூந்தலோடு ஒரு குடும்பப் பெண், சேலை கட்டிய கலியாணப் படம், அதில் என்ன பிழை என்று வட்டை வரம்பு முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்தேன்.

அக்கா கண்டுபிடித்திருந்த வழி நான் நினைத்தே பார்க்காதது. ஊர்க் கூத்துக்காரரின் பெட்டியிலிருந்து ஒரு சவுரி வாங்கி வந்திருந்தாள். கூத்தில் ஆண்கள் பெண் வேடம் கட்டும்போது தலையில் வைக்கும் நீண்ட முடி. அதில் பழைய முகப்பூச்சு மாவின் மணம் வந்தது. மருமகள் பலகைக் கதிரையில் அசையாமல் இருக்க, அக்கா அவளுடைய கழுத்தளவு முடியை எண்ணெய் தடவிப் படிய இழுத்து, சவுரியைச் சேர்த்துப் பின்னி, இணைந்த இடத்தைப் பூவால் மூடினாள்.

அந்தப் பிள்ளை வீடு திரும்பிய பிறகு அதிகம் பேசாது. எங்கே இருந்தாலும் முதுகு சுவரில் இருக்கும், கண் படலையில் இருக்கும். அன்றும் அப்படித்தான். படத்துக்கு வீட்டு வளவின் நடுவில் நிறுத்தினேன், அவள் கண் என்னைத் தாண்டி ஒழுங்கையைப் பார்த்தது. நாய் குரைத்தால் உடம்பு திரும்பியது. சிரி மகள், சிரி என்று சொல்லிச் சொல்லிப் பதினைந்து படம் எடுத்தேன். பதினைந்திலும் கூந்தல் அழகாக இருந்தது, முகம் அடையாள அட்டைப் படத்துக்கு இருப்பதுபோல இருந்தது. இது போதும் என்றாள் அக்கா.

மருமகள் கமராவைக் கையில் வாங்கிப் பார்த்தாள். எடுத்த படத்தைத் திரையில் பார்ப்பதற்கு எந்தப் பொத்தான் என்று எனக்குக் காட்டியதே அவள்தான். அங்கே இருந்தபோது பழகியிருப்பாள், நான் கேட்கவில்லை.

"மாமா, பிழையான படத்தை ஒண்டொண்டா அழிக்கலாம். இதில பாருங்க," என்று குப்பைத்தொட்டி வரைந்த பொத்தானைக் காட்டினாள்.

"எனக்குத் தெரியும் புள்ள," என்று சொல்லிக் கமராவைப் பறிக்காத குறையாக வாங்கினேன். தெரியாது. நேற்றுப் பிறந்த ஒரு பிள்ளை, எஞ்சின்காரனான எனக்கு ஒரு பொத்தானைக் காட்டிக்கொடுப்பதா என்ற வீம்பு. அரை நிமிடம் பொறுத்திருந்தால் போதும். அந்த அரை நிமிடத்தை நான் எத்தனையோ தரம் திரும்ப வாழ்ந்து பார்த்திருக்கிறேன்.

திரையில் 7 என்று இருந்தது. இனி நடந்ததை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளங்கவைக்க முடியாது. றோல் போட்டுப் படம் எடுத்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஸ்ரூடியோவில் கழுவக் கொடுக்கும் முன் றோலை முடிக்கவேண்டும். மிச்சம் இருக்கிற இரண்டு மூன்று படத்தை ஆட்டிலோ, மாட்டிலோ, அகப்பட்டவர் முகத்திலோ அடித்துத் தீர்ப்போம். ஏழு மிச்சம் இருக்கக் கமராவை மூட என் கை ஒத்துக்கொள்ளவில்லை. கிணற்றை ஒன்று எடுத்தேன். கோழியை ஒன்று. குசினி வாசலில் அக்காவை ஒன்று.

அந்த நேரத்தில்தான் மருமகள் சவுரியைக் கழற்றினாள். கழற்றிய கையோடு அதைத் தன் மேலுதட்டில் மீசையாக வைத்துக்கொண்டு, கூத்தில் வரும் இராசாவைப்போல நெஞ்சை நிமிர்த்தி இரண்டடி வைத்தாள். அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். பிள்ளையும் சிரித்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு அந்த வளவில் கேட்ட சிரிப்பு அதுதான் என்று அக்கா பிறகு சொன்னாள். நான் எதையும் யோசிக்கவில்லை. மிச்சமிருந்த நான்கையும் அவள் மேல் அடித்துத் தீர்த்தேன். கத்தரித்த முடி, திறந்த வாய், கையில் தொங்கும் சவுரி. திரையில் பூச்சியம் வந்தது. றோல் முடிந்தது என்ற திருப்தியோடு வெற்றிலைக்கு அடியில் கமராவை வைத்தேன்.

திரும்பும் பாதை மத்தியானம். பாதி வாவி கடந்த பிறகு, படம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டுக் கமராவை எடுத்தேன். அவள் காட்டிய பொத்தானை அழுத்தினேன். முதலில் வந்தது கடைசிப் படம். கட்டை முடியோடு சிரிக்கிறாள். அடுத்ததும் அதுதான், அதற்கு அடுத்த இரண்டும். பிறகு அக்கா, கோழி, கிணறு, பிறகு திடீரென்று இடுப்பளவு கூந்தல்.

ஒரே பெண், ஒரே சேலை, ஒரே வளவு. ஒரு படத்தில் முடி இல்லை, மறு படத்தில் முடி இருக்கிறது, கையில் பொய்முடியையும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இதைவிட விளக்கமாக ஒரு வாக்குமூலம் எழுதித்தர ஏலாது. எல்லாப் போட்டோவும் பார்க்கிறது என்றான் அவன். பார்த்தால் யார் இவள் என்பான், எந்த ஊர் என்பான், என் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்வான். பிறகு அவள் இந்தக் கரைக்கு மருமகளாக வருவது எப்படி?

துறை தெரியத் தொடங்கியிருந்தது. மேசையும் தெரிந்தது. குப்பைத்தொட்டிப் பொத்தானை அழுத்தினேன். திரையில் ஆங்கிலத்தில் ஏதோ இரண்டு மூன்று வரிகள். உச்சி வெயில் தண்ணீரில் பட்டுத் தெறித்து, திரை கறுத்த கண்ணாடியாகக் கிடந்தது. பன்பையை மேலே பிடித்து நிழல் செய்தேன். பாதை ஆடியது. பக்கத்தில் நின்ற சைக்கிள்காரன் என்ன பார்க்கிறீர்கள் என்று எட்டினான். ஒன்றுமில்லை என்று திரும்பிக்கொண்டு, ஒரு வரியில் நிறுத்தி அழுத்தினேன். இன்னொரு கேள்வி வந்தது. அதையும் அழுத்தினேன். ஒரு சின்ன மணற்கடிகாரம் சுழன்றது. ஒரு படம் அழிய இவ்வளவு நேரமா என்று நினைத்தேன்.

பிறகு திரையில் 22 என்று வந்தது.

உண்மையைச் சொல்லவேண்டும். அந்த எண்ணைக் கண்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். ஒன்று மிச்சமில்லாமல் எல்லாப் படமும் அழிந்திருந்தது. இனி அவன் எதைப் பார்த்தாலும் ஒன்றுமில்லை. அக்காவின் முகம் ஞாபகம் வந்தது அதற்குப் பிறகுதான், பாதை கரையில் முட்டிய நேரத்தில்.

அதே சிப்பாய், அதே மேசை. கமராவை இயக்கினான், பொத்தானை அழுத்தினான், என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"போட்டோ இல்லை?"

"கோயிலுக்குள்ள எடுக்க விடமாட்டாங்க ஐயா."

காலையில் இவ்வளவு மறைத்துக் கொண்டுபோன கமரா, மத்தியானம் வெறுமையாக வருகிறது. அவன் மனதில் அது ஓடுவது எனக்குத் தெரிந்தது. என் பின்னால் பாதையிலிருந்து இறங்கியவர்கள் வரிசை நீண்டுகொண்டே வந்தது. அவன் என் முகத்தையே பார்த்தான். பிறகு மெதுவாகக் கமராவை உயர்த்தி, என்னை ஒரு படம் எடுத்தான். எடுத்ததை எனக்குத் திருப்பிக் காட்டினான். பன்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பேயடித்தவன்போல ஓர் ஆள். நல்ல கமரா என்று சொல்லிக் கையில் தந்தான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வரும் வெள்ளி திரும்பப் போங்கள், அந்தப் பிள்ளையிடம் விவரமாகக் கேட்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னாள். எனக்கு என்மேல் வந்த கோபத்தை எங்கே இறக்குவது என்று தெரியவில்லை. அலுமாரிக்கு மேல் கிடந்த புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டி, வரிவரியாகப் படித்தேன். படித்ததையெல்லாம் உடனே செய்து பார்த்தேன். இனி ஒரு பொத்தானும் என்னை ஏமாற்றக் கூடாது. வாசலை எடுத்தேன், தென்னையை எடுத்தேன், ஒரு கிழமையாகக் கேட்டுக்கொண்டிருந்த மனைவியை ஐந்தாறு எடுத்தேன். அவள் ஒன்றிலும் சிரிக்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரம் தொலைபேசி அடித்தது. வெள்ளிக்கிழமைதான் பெறாமகனுக்கு விடுமுறை, அன்றுதான் எடுப்பான். படம் எடுத்தாயிற்றா என்று ஆசையோடு கேட்டான். எடுத்தேன், கை தவறி அழிந்துவிட்டது என்றேன். ஏன் அழித்தேன் என்று சொல்லவில்லை. அவன் சிரித்தான். அது பெரிய விசயமில்லை, அழித்த படம் கமராவுக்குள் இருக்கிற மெமறி காட்டுக்குள்ளேதான் கிடக்கும், கொம்பியூட்டரில் போட்டுத் திரும்ப எடுக்கலாம் என்றான்.

"அதுக்கு மேல வேற படம் மட்டும் எடுத்திடாதீங்க சித்தப்பா. புதுசு வந்தா பழசு போயிடும்."

நான் கமராவைப் பார்த்தேன். எண் 3 என்று காட்டியது. சிப்பாய் எடுத்த ஒன்றோடு பத்தொன்பது புதுப் படங்கள். என் குரல் மாறியதை அவன் கண்டுபிடித்துவிட்டான். பரவாயில்லை, கமராப் பையின் உட்பக்கத்துச் சின்ன ஸிப்புக்குள் இன்னொரு காட் வைத்திருந்தேனே, அடுத்த முறை அதைப் போடுங்கள் என்றான்.

ஆணியில் தொங்கிய கறுப்புப் பையை எடுத்து, அந்த ஸிப்பைத் திறந்தேன். நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய தகடு ஒன்று உள்ளே இருந்தது. கமராவிலிருந்து நல்ல படங்கள் உள்ள காட்டைக் கழற்றி, இதைப் போட்டுக்கொண்டு, அதை வெற்றிலைச் சுருளுக்குள்ளோ சாறன் மடிப்பிலோ செருகியிருந்தால் எந்தச் சிப்பாயும் கண்டிருக்கமாட்டான். இவ்வளவு யோசித்துப் பை தேடியவன், வந்த பையைத் திறந்து பார்க்கவில்லை. அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். மனைவி பார்த்தாள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வெள்ளி நான் போகவில்லை. புதன்கிழமை துறையடியில் குண்டு ஒன்று வெடித்து, பாதையை நிறுத்திவிட்டார்கள். பத்து நாள் வாவிக்கரையில் நின்று அக்கரையைப் பார்த்தேன். கூப்பிடு தூரம் இல்லை, ஆனால் கோயில் மரங்கள் தெரியும். பாதை திரும்ப ஓடிய முதல் நாள், கமராவை அதன் கறுப்புப் பையிலேயே போட்டு, தோளில் தெரியத் தெரியத் தொங்கவிட்டுக்கொண்டு போனேன். சென்றியில் ஒருவரும் அதைத் தொடவே இல்லை.

அக்கா வளவில் நிலத்தில் குந்தியிருந்தாள். அடுப்பு மூட்டியிருக்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை இயக்கத்தார் வந்து பிள்ளையைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். அக்கா என் தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"படம் அவனுக்குப் போய்ச் சேந்திட்டா தம்பி?"

"ஓம் அக்கா," என்றேன்.

அவள் எழுந்து முகத்தைக் கழுவினாள். அவன் ஓம் சொன்னதும் ஒரு கடிதம் எழுதச் சொல், அதைக் கொண்டுபோய்க் காட்டினால் விடுவார்கள் என்றாள். அன்று மாலை வரை அந்தக் கடிதத்தைப் பற்றியே பேசினாள்.

இரண்டு மாதம் கழித்துப் பெறாமகன் லீவில் வந்தான். கட்டை முடிப் படம் இருக்கிற காட்டை ஊர்க் கடையில் கொடுக்கப் பயந்து நான் அதுவரை வீட்டிலேயே வைத்திருந்தேன். அவன் தன் கொம்பியூட்டரில் போட்டுப் பார்த்தான். பழைய படங்களில் பத்தொன்பது போய்விட்டன. மிச்சம் மூன்று. அதில் இரண்டு பாதிப் பாதியாகச் சிதைந்து கிடந்தன. ஒன்று முழுசாக வந்தது. கையில் சவுரி தொங்க, கட்டை முடியோடு, வாய் திறந்து சிரிக்கிற படம்.

அவன் அதை நெடுநேரம் பார்த்தான்.

"இதையா அழிச்சீங்க சித்தப்பா?"

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். அவ அங்க இருந்தது எனக்கு முதலே தெரியும், எங்கட ஊர்ப் பெடியன்கள் கட்டாரிலும் இருக்கிறாங்கள்தானே என்றான். தெரிந்துதான் படம் கேட்டேன் என்றான்.

அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் அக்கரைக்குப் போனோம். இயக்கத்தாருடைய இடத்தில், இவளைக் கட்டப்போகிறவன் நான் என்று அவன் நேரே சொன்னான். படத்தை வாங்கிப் பார்த்தார்கள், கொப்பியில் பெயரை எழுதினார்கள், படத்தைத் திருப்பித் தந்தார்கள், போகச் சொன்னார்கள். அவன் லீவு முடிந்து போனான். பிறகு இரண்டு தடவை லீவை அவளுக்காகவே மாற்றி எடுத்தான். அவள் வரவில்லை. சண்டை அந்தக் கரையைக் கடந்து வடக்கே போய் முடிந்த பிறகும் வரவில்லை. எங்கே என்று சொல்ல ஆளும் இல்லை.

இயக்கத்தாருடைய இடத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் போன அன்று, திரும்பும் வழியில்தான் படத்தை அக்காவிடம் கொடுத்தோம். அவளிடம் மகளுடைய வேறு படம் ஒன்றும் இல்லை. முன்பு இருந்தவற்றைப் பயத்தில் அவளே எரித்திருந்தாள். ஒருவருக்கும் காட்டக் கூடாது என்று மறைத்த முடிதான் அந்தப் படத்தில் முதலில் கண்ணில் பட்டது. பெறாமகன் படலையடியில் நின்றான். இனியும் பொய்யைச் சுமக்க முடியாமல் நான் சொன்னேன்.

"அக்கா, அண்டைக்குப் படம் போகல்ல. நான்தான் எல்லாத்தையும் அழிச்சுப்போட்டன்."

அக்கா நிமிரவில்லை. படத்தில் அந்தக் கட்டை முடி இருந்த இடத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"இப்ப முடி நல்லா வளந்திருக்கும், என்ன தம்பி?"

ஓம் அக்கா என்றேன்.